பங்கு வீட்டில் கேமரா: எங்கே வைக்கலாம், யார் பார்க்கலாம்?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உங்கள் வீடு ஐந்து பங்கு. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் அங்கே இருப்பது உங்கள் அப்பத்தாவும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் மட்டும்தான். பக்கத்துத் தெருவில் பூட்டிய வீட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டதும் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பியிருக்கிறது. முகப்பு, வளவு (வீட்டின் நடுமுற்றம்), அடுப்படி என்று எல்லா இடத்திலும் கேமரா மாட்டி, எல்லார் போனிலும் எப்போதும் பார்க்கிற மாதிரி செய்துவிடலாம் என்று முடிவு. பெங்களூரில் ஐ.டி.யில் இருப்பதால் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. எந்தக் கம்பெனி கேமரா வாங்கலாம், வீடியோ வெளியே கசியாதா, கூடவே அப்பத்தாவுக்குப் பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமரா வையுங்கள். திருட்டுப் பயம் நியாயமானது. தேக்குக் கதவும், பெல்ஜியம் கண்ணாடியும், பித்தளைச் சாமானும் இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் கேமராவின் முகம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பதிவு வீட்டுக்குள்ளேயே தங்க வேண்டும். வளவுக்கும் அடுப்படிக்கும் வேண்டவே வேண்டாம். இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டால் கம்பெனி பெயர் பெரிய விஷயமில்லை.

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காரைக்குடிக்குத் திரும்புவதற்கு முன்னால் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், பல வருஷம் மென்பொருள் வேலை பார்த்தேன். அதில் ஒரு பகுதி இணையத்தோடு இணைந்த வீட்டுச் சாதனங்களுக்கான வேலை. கேமராவின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைவிட, கேமரா கம்பெனியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கேமராவை ஒரு தடவை விற்றால் ஒரு தடவைதான் காசு. போட்டி அதிகம் என்பதால் அதிலும் லாபம் மெலிந்துவிட்டது. மாதச் சந்தா வந்தால்தான் கம்பெனி நிமிரும். அதனால் வீடியோவை அவர்கள் சர்வருக்கு அனுப்பும்படியே பொருளை வடிவமைக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே சேமிக்கும் வசதி இருந்தாலும் அது செட்டிங்ஸில் நாலு படி உள்ளே கிடக்கும். வேப்பமரம் ஆடினால்கூட போனில் 'டிங்' என்று அறிவிப்பு வருகிறதே, அதுவும் தற்செயல் இல்லை. தினமும் எத்தனை பேர் ஆப்பைத் திறக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் அந்தக் குழுவை எடை போடுவார்கள். அறிவிப்பைக் குறைத்தால் எண் குறையும். குறைக்கலாம் என்று சொல்கிற இன்ஜினியருக்கு மீட்டிங்கில் ஆதரவு கிடைக்காது. நான் இருந்த இடத்தில் அப்படிச் சொன்னவர்களை, நல்ல பிள்ளைகளை, 'பிசினஸ் தெரியாதவர்கள்' என்று ஓரம் கட்டினார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம், வீடியோவை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி. 'ஆள் வந்தால் மட்டும் சொல்லும்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த மென்பொருளுக்கு ஆள் எது, நாய் எது, நிழல் எது என்று கற்றுக்கொடுக்க யாராவது மனிதர்கள் உட்கார்ந்து வீடியோத் துண்டுகளைப் பார்த்துப் பெயரிட வேண்டும். வாடிக்கையாளர் புகார் சொன்னால் அதைச் சரிபார்க்க சப்போர்ட் ஆள் பதிவைத் திறக்க வேண்டியிருக்கும். இரவு ஷிப்டில் சர்வர் படுத்துவிட்டால் அதை எழுப்புகிறவனுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும். இதெல்லாம் வேலைக்குத் தேவை என்று கொடுக்கப்படுகிற அனுமதிதான். ஆனால் ஆள் மாறும், குழு மாறும், அனுமதி மட்டும் அப்படியே நின்றுவிடும்.

நடந்த விஷயத்தையே சொல்கிறேன். அமேசானின் ரிங் கேமரா மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 மே மாதம் வழக்குப் போட்டது. ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வாடிக்கையாளர்களின் வீடியோவைத் தடையில்லாமல் பார்க்க முடிந்தது, ஒரு ஊழியர் மாதக்கணக்கில் பெண்களின் வீட்டுப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு கம்பெனி அதை முடித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற இன்னொரு கம்பெனியின் சர்வர் விழுந்து எழுந்தபோது, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படம் வந்து நின்றது. யாரும் ஹேக் செய்யவில்லை. அவசரமாகச் சர்வரை எழுப்பும்போது நடந்த குளறுபடி அது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று உங்கள் பெரியப்பா கேட்பார். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கிற அறையின் கேமராப் பதிவுகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்தன, விலைக்கும் போயின. போலீஸ் வேறு மாநிலங்களில் ஆட்களைப் பிடித்தது. அந்தக் கேமராவையும் யாரோ ஒருவர் 'பாதுகாப்புக்கு' என்று சொல்லித்தான் மாட்டியிருப்பார்.

சரி, கம்பெனியை விடுங்கள். உள்ளூரிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. நம் பக்கத்தில் கேமரா மாட்டிக்கொடுக்கும் ஒரு பையன், வேலையில் கெட்டிக்காரர், தன் போனைத் திறந்து எனக்குக் காட்டினார். ஒரே ஆப். அதில் வரிசையாக வீடுகள். ஊர்ப் பெயரும் வீட்டு விலாசமும் போட்டு ஒவ்வொன்றாகச் சேமித்து வைத்திருக்கிறார். ஒன்றைத் தொட்டதும் ஒரு முற்றம் தெரிந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி சுளகில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் தப்பான ஆள் இல்லை. 'ஏதாவது கோளாறுன்னா உடனே பார்க்கணும்ல, அதுக்குத்தான்' என்றார். அந்த வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. மாட்டும்போது அவர் போட்ட பாஸ்வேர்டே இன்றுவரை ஓடுகிறது. நாளைக்கு அந்தப் போன் தொலைந்தால், அல்லது அவர் கடையை விற்றுவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டால், அத்தனை வீட்டுக்குள்ளும் நுழையும் வழி யார் கையில் இருக்கும்?

ஆகவே மாட்டி முடித்த அன்றே, அவர் கிளம்புவதற்கு முன்னால், அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் மாற்ற வேண்டும். பெட்டியிலும் கேமராவிலும் ஒட்டியிருக்கிற கியூ.ஆர். ஸ்டிக்கரைப் படம் எடுத்து குழுவில் போடாதீர்கள். பல மாடல்களில் அந்த எண்தான் கேமராவின் அடையாளம். தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதால்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும், படத்தைச் சேமிக்கும் ரெக்கார்டர்களையும் பிடித்து, அவற்றை வைத்தே இணையத்தின் ஒரு பகுதியை முடக்கியது. அதற்குப் பிறகும் 'அட்மின், 12345' என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது பங்காளி விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். கல்கத்தாவில் உங்கள் வீட்டைப் போலவே ஒரு பழைய குடும்ப வீட்டில், ஒரே வீட்டில் உரிமையுள்ள உறவினர்களுக்குள் தகராறு. ஒரு தரப்பு, மறு தரப்பின் சம்மதம் இல்லாமல், குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா மாட்டியது. கூட இருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் அப்படி மாட்டி இயக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொன்னது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பின் வழியில் வந்ததுதான் இதுவும். மேல்முறையீட்டுக்குப் போனபோது உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தலையிட மறுத்துவிட்டது.

நம் வீட்டு அமைப்பில் இதைப் பொருத்திப் பாருங்கள். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், உள்வீடு என்று ஒரு தனி அறை. வளவு எல்லாருக்கும் பொது. அங்கே கேமரா வைத்தால் எந்த அறைக் கதவு எப்போது திறக்கிறது, யார் யார் அறைக்குப் போகிறார்கள், யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்குக் குளித்துவிட்டு வருகிறாள் என்று ஐந்து குடும்பமும் பார்க்கும். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் வந்து தங்குகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்காளி வேண்டாம் என்றால்கூட வளவுக்குள் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. எல்லாரும் சம்மதித்தாலும் என் கருத்து வேண்டாம் என்பதுதான். ஏனென்றால் அந்த எல்லாரிலும் இரண்டு பேரைக் கேட்கவில்லை. தினமும் அங்கே இருப்பது அப்பத்தாவும் அந்த அக்காவும்தான்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது ஆபீஸ் லேப்டாப் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடிக்கிறது, கீபோர்டைத் தொடாவிட்டால் மானேஜருக்குத் தெரிகிறது, நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை என்று. உங்கள் கோபம் எனக்கு முழுசாகப் புரிகிறது. 2020இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் மென்பொருளில் ஒவ்வொரு ஊழியரின் செயல்பாட்டையும் பெயரோடு முதலாளிக்குக் காட்டும் வசதியைக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வருஷ டிசம்பரிலேயே தனிநபர் பெயரை எடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனியே பின்வாங்கியது, ஏனென்றால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். அடுப்படியில் கேமரா வைத்தால் அந்த அக்காவுக்கு உங்கள் லேப்டாப்பின் கதிதான். அவரால் மின்னஞ்சல் எழுதி எதிர்க்க முடியாது. வேலையை விட்டுப் போகத்தான் முடியும். இத்தனை வருஷம் சாவியை நம்பிக் கொடுத்த ஒருவரை அப்படி அனுப்பிவிட்டு, அப்பத்தாவுக்குத் துணைக்கு வேறு யாரைத் தேடுவீர்கள்?

சட்டம் அவரைக் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. அதிலும், ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று மூன்றாவது பிரிவிலேயே இருக்கிறது. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவரை நாள் முழுக்க யாரோ பார்த்துக்கொண்டிருப்பதை அந்தப் பிரிவு தொடாது. அந்த இடத்தில் முறை தவறாமல் நடக்க வேண்டியது வீட்டுக்காரர்கள்தான்.

இனி எங்கே வைப்பது. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. ஆள் வரக்கூடிய வழி நாலுதான்: முகப்பு வாசல், பின்வாசல், பக்கத்துச் சந்து, மாடி. மாடியைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் அதன் மாடி வழியாக வந்து, வளவின் கம்பி வலையைப் பெயர்த்துக்கொண்டு இறங்கலாம். அதனால் மாடிப்படிக் கதவுக்கு மேலே ஒரு கேமரா, ஓட்டுக் கூரைப் பக்கமாகப் பார்த்தபடி. வளவுக்குள் எட்டிப் பார்க்காத கோணத்தில் வையுங்கள். முகப்புக் கேமரா திண்ணையையும் வாசற்படியையும் காட்டட்டும். எதிர்வீட்டு வாசலைக் காட்டக் கூடாது. பெரும்பாலான ரெக்கார்டர்களில் வேண்டாத பகுதியைக் கறுப்பாக மறைக்கிற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

வைஃபை கேமரா வாங்காதீர்கள். சுண்ணாம்புக் காரை பூசிய அந்தக் கனத்த சுவரைத் தாண்டி சிக்னல் போகாது. வீட்டின் இரண்டாம் கட்டு என்கிற அடுத்த பகுதியைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகிற 'பி.ஓ.இ.' வகைக் கேமராதான் சரி. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். முகப்பிலிருந்து பின்வாசல் வரை அளந்து பார்த்து, கூடினால் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களை இணைக்கிற பெட்டி) வையுங்கள். இந்த முறையில் இன்னொரு லாபம், ரெக்கார்டருக்கும் ஸ்விட்சுக்கும் யு.பி.எஸ். கொடுத்துவிட்டால் மின்சாரம் போனாலும் எல்லாக் கேமராவும் ஓடும். தேக்குத் தூணிலோ பூவேலை செய்த உத்தரத்திலோ துளை போட விடாதீர்கள். கேபிளை மாடி ஓரமாகவே கொண்டுபோகலாம்.

பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜி.பி. நாலு கேமராவுக்கு 86 ஜி.பி. ஆக, 2 டி.பி. ஹார்ட் டிஸ்கில் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கும். திருட்டு நடந்தால் கண்டுபிடிக்க அது தாராளம். ரெக்கார்டரை முகப்பு அறையில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கிறார்கள், திருடன் முதலில் அதைத்தான் தூக்குவான். உங்கள் உள்வீட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

வாங்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கிற சி.சி.டி.வி. கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் உள்ள மாடல்தானா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். விலை குறைவு என்று பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 'ஆன்விஃப்' என்ற பொதுத் தரத்தில் வேலை செய்யும் கேமராவாகப் பாருங்கள். அப்போதுதான் கேமரா ஒரு கம்பெனி, ரெக்கார்டர் ஒரு கம்பெனி என்று மாற்றிக்கொள்ள முடியும். ஒரே கம்பெனியின் சர்வரை நம்பினால் அது மூடுகிற அன்று உங்கள் கதையும் முடியும். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனி முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் விடிந்ததும் வேலை செய்யாத பெட்டிகளோடு நின்றார்கள்.

பெங்களூரிலிருந்து பார்ப்பதற்குக் கம்பெனி ஆப் இல்லாமல் வழி உண்டு. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் பல இணைப்புகளில் வெளியிலிருந்து நேராக வீட்டை அடைவதற்கான தனி இணைய முகவரி (ஐ.பி. முகவரி) கிடைக்காது, அதனால்தான் கேமரா ஆப்புகள் தங்கள் சர்வரை நடுவில் வைக்கின்றன. நீங்கள் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரோ பழைய சின்னக் கம்ப்யூட்டரோ வாங்கி ரூட்டர் பக்கத்தில் வைத்து, டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். (தனிவழி இணைப்பு) மென்பொருள் ஒன்றை நிறுவினால் போதும். ஒயர்கார்டு என்ற மறைகுறியாக்க முறையில் உங்கள் போன் நேராக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும். ரெக்கார்டரை வெளி இணையத்துக்குப் போகவிடாமல் ரூட்டரில் தடுத்துவிடலாம். ஐ.டி.யில் இருக்கிற உங்களுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து, இணையத்திலிருந்து யாரும் ரெக்கார்டரைத் தட்டுகிற மாதிரி வழியைத் திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஐந்து பங்காளி போனிலும் நேரலை தேவையில்லை. பெட்டக அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, கேமராச் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஆளுக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டோடு. உள்நாட்டில் இருக்கிற ஒருவர், பகல் நேரம் மாறி வெளிநாட்டில் இருக்கிற இன்னொருவர் என்றால் ராத்திரிக்கும் ஆள் உண்டு. மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அவர்களிடம் கேட்கட்டும். யார் எப்போது பதிவைத் திறந்தார்கள் என்று ரெக்கார்டரே குறித்து வைக்கும், அதை வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் கூடும்போது காட்டிவிடலாம். பதிவிலிருந்து எந்தத் துண்டையும் குழுவில் போடக் கூடாது என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் போட்ட வீடியோ யார் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது, வீட்டில் என்ன சாமான் எங்கே இருக்கிறது என்பதும் அதோடு சேர்ந்தே போகும்.

ஸ்பீக்கர் பற்றி. வேண்டாம் என்பேன். அது தன் பெயரைக் கூப்பிட்டால்தான் பதிவு செய்யும் என்பது உண்மைதான், ஆனால் பெயர் மாதிரி ஏதாவது காதில் விழுந்தாலும் விழித்துக்கொள்ளும். அமேசான், எக்கோ ஸ்பீக்கரில் குரலைச் சர்வருக்கு அனுப்பாமல் அங்கேயே கையாள்கிற வசதியை 2025 மார்ச் 28 முதல் எடுத்தே விட்டது. அமெரிக்காவில் சில மாடல்களுக்கு மட்டும் இருந்த வசதிதான் அது, ஆனாலும் போக்கு எந்தப் பக்கம் என்று தெரிகிறதல்லவா? அப்பத்தாவுக்கு வேண்டியது பேரன் பேத்தியோடு பேசுவது. பெரிய எழுத்துப் போன் ஒன்றில் உங்கள் ஐந்து வீட்டு ஆட்களின் முகத்தையும் முதல் திரையில் வைத்துவிட்டால், முகத்தைத் தொட்டதும் அழைப்பு போகும். கீழே விழுந்தால் அழுத்துவதற்குக் கழுத்தில் மாட்டுகிற அவசரப் பொத்தான் தனியாகவே கிடைக்கிறது, அதற்கு மைக்கும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு வார இறுதியில் ஊருக்கு வந்து அப்பத்தாவிடமும் அந்த அக்காவிடமும் கேமரா எங்கெங்கே வரும், எது தெரியும், எது தெரியாது என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்கிற இடத்தை விட்டுவிடுங்கள். அப்புறம் வீட்டின் அமைப்பை ஒரு தாளில் பேனாவால் வரைந்து, வாசல்களையும் மாடிப்படியையும் மட்டும் குறித்து அனுப்புங்கள். கேபிள் எந்த வழியாகப் போகலாம், ஸ்விட்ச் எங்கே வைக்கலாம் என்று அதிலேயே எழுதித் தருகிறேன். உள்ளே எடுத்த போட்டோ எதுவும் எனக்கு வேண்டாம்.